பெட்டிகளும் புள்ளடிகளும்

இந்தப் பக்கத்தில் எழுதிப் பல வாரங்களாகின்றன. சுகமில்லையோ என்று விசாரித்து மடல் அனுப்பிய நண்பர்களுக்கு நன்றி. சுகத்துக்குக் குறைவில்லை. வீட்டில் ஒரு கணனி விளையாட்டு தயாராகிக்கொண்டிருந்தது. அதற்கு வசனம் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் பத்திரிகையில் குப்பை கொட்டியவன், ஐம்பது கடந்த வயதில் விளையாட்டுக்கு வசனம் எழுதுகிறான் என்று சிரிக்கவேண்டாம். சிரித்தாலும் மிச்சத்தைப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

அண்ணரின் மகள், அதாவது என் பெறாமகள், ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்தவள். சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கென்று வந்தவள், கொடியிறங்கிய பின்னும் போகவில்லை. மடிக்கணனியை விரித்து வைத்துக்கொண்டு, 1995 ஒக்டோபர் 30 இரவை ஒரு கதையாகச் செய்யப்போகிறேன் என்றாள். வாசிப்பவர் சும்மா வாசித்துக்கொண்டு போகாமல், அங்கங்கே தாமே தெரிவு செய்து நடத்திச் செல்லும் கதை. ஊடாடு புனைவு என்று இதற்குப் பெயர். "சித்தப்பா, நீங்கள் வசனத்தைத் தாங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றாள். அந்த இரவு எங்கள் குடும்பமும் கொக்குவிலிலிருந்து செம்மணி வழியாகவும் நாவற்குழிப் பாலம் வழியாகவும் தென்மராட்சிக்கு நடந்தது. ஆகையால் மறுக்க முடியவில்லை.

இவ்வகைக் கதைகளுக்கு வயது அரை நூற்றாண்டு ஆகிறது. 1970களின் நடுவில் வில் குரௌதர் என்ற அமெரிக்க நிரலாளர் ஒரு குகைக்கதையை எழுதினார். வாசிப்பவர் வடக்கே போ, விளக்கை எடு என்று தட்டச்சுச் செய்தால் கதை பதில் சொல்லும். கட்டளையை எழுதும் ஒற்றை வரியைத் தவிர அலங்காரம் எதுவும் அதில் கிடையாது. 2009 இல் கிறிஸ் கிளைமாஸ் என்பவர் ட்வைன் என்ற இலவசக் கருவியை வெளியிட்டார் (எங்கள் வாயில் அது ருவைன்). நிரல் படிக்காதவரும் கதையைத் துண்டு துண்டாக எழுதி, துண்டுகளைத் தொடுத்துவிடலாம். முடிந்ததும் முழுக்கதையும் ஒரே ஒரு வலைக்கோப்பாக வெளிவரும். எந்த உலாவியிலும் திறக்கும். இணையத் தொடர்பு இல்லாமலும் ஓடும், பென்டிரைவில் கொடுக்கலாம், வட்ஸ்அப்பில் அனுப்பலாம். பெறாமகள் பிடித்ததும் இதைத்தான்.

கதையின் நடுப்பகுதியில் ஒரு படிவம் வரும். சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் ஒதுங்கிய குடும்பம், உலருணவு நிவாரணத்துக்காகப் பதியவேண்டும். பெயர், ஊர், குடும்பத்தில் உள்ளோர் தொகை, கொண்டுவந்த பொருட்கள். வாசிப்பவர் இவற்றைப் பெட்டிகளில் நிரப்பினால்தான் கதை மேலே நகரும். இந்த நாலு பெட்டிகளால்தான் எங்கள் வீட்டில் மூன்று வாரம் வாக்குவாதம் நடந்தது.

முதல் நாள் அவள் காட்டியபோது, வசனம் அழகான தமிழ் எழுத்துருவில் இருந்தது; பெட்டிகளும் பொத்தான்களும் மட்டும் வேறெங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டவை போலச் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் நின்றன. காரணத்தைக் கேட்டேன். பக்கத்தின் பிற பகுதிகள் எழுத்துருவைத் தாய்ப் பகுதியிடமிருந்து சுவீகரித்துக்கொள்ளும். படிவப் பெட்டிகள் அப்படிச் செய்யா. அவற்றின் எழுத்துருவையும் அளவையும் உலாவியே தன் பாட்டில் வைத்துக்கொள்ளும். 13 பிக்செல் சொச்சம் அந்த அளவு. 'உன் தாயைப் போல இரு' என்று சீ.எஸ்.எஸ். என்னும் அலங்கார மொழியில் ஒரு வரி எழுதினால்தான் பெட்டி வழிக்கு வரும்.

இதைக் கேட்டதும் எனக்குப் பழைய புதிர் ஒன்று விடுபட்டது. பாமினி எழுத்துரு காலத்தில் இணையத்தில் உலாவிய நண்பர்களுக்கு நினைவிருக்கும். பக்கத்தில் தமிழ் ஒழுங்காகத் தெரியும். விருந்தினர் ஏட்டில் கருத்து எழுதப் போனால், பெட்டிக்குள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை விழும். கண்ணை மூடிக்கொண்டு எழுதி அனுப்பினால், மறுபக்கத்தில் தமிழாகத் தெரியும். பெட்டி எழுத்துருவைச் சுவீகரிக்காததன் விளைவு அது என்று இத்தனை வருடம் கழித்து ஒரு சிறுபெண் சொல்லித்தான் தெரிந்தது. அன்று நான் திட்டித் தீர்த்தது பாமினியை. பாவம் பாமினி.

ஊர்ப் பெட்டியில் அடுத்த சிக்கல். பன்னிரண்டு எழுத்துக்கு மேல் போகாதபடி அவள் எல்லை வைத்திருந்தாள். கொக்குவில் என்று எழுதிப் பார்த்திருக்கிறாள், சரியாக இருந்திருக்கிறது. நான் வட்டுக்கோட்டை என்று எழுதினேன். வட்டுக்கோட்ட என்பதோடு பெட்டி வாயை மூடிக்கொண்டது. வல்வெட்டித்துறை, வல்வெட்டித்த என்று நின்றது. நமக்கு வல்வெட்டித்துறை எட்டு எழுத்து. உலாவியின் கணக்கில் அது பதினைந்து. புள்ளியையும், கொம்பையும், விசிறியையும் தனித்தனியே எண்ணுகிறது அது. பெட்டியின் உயரமும் ஆங்கிலத்துக்கு அளந்த உயரம். ழுவின் கால் பாதியில் வெட்டுண்டிருந்தது. உயரத்தைப் பிக்செலில் கட்டிப்போடாமல், எழுத்தின் அளவோடு வளரவிட்டு, மேலும் கீழும் கொஞ்சம் இடைவெளி கொடுத்ததும் கால் முளைத்தது. தமிழில் படிவம் செய்கிற இளையோர் இவ்விரண்டையும் குறித்துக்கொள்ளலாம்.

முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருந்ததையும் ஒன்றாக்கச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் 1995 இல் கடைசிப்பெயர் என்று யார் யாரைக் கேட்டார்கள்?

பிறகு அலங்காரம் தொடங்கியது. உலாவி தரும் இயல்பான தோற்றத்தை ஒரே வரியால் முற்றாகக் களைந்துவிட்டு, வெறும் எலும்புக்கூட்டின் மேல் நாம் விரும்பியபடி வரையலாம். சஃபாரி உலாவியும் 2022 இல் முன்னொட்டு எதுவுமின்றி ஏற்கத் தொடங்கியபின், இது எங்கும் செல்லுபடியாகும் வழியாகிவிட்டது. இரண்டு நாளில் எங்கள் நிவாரணப் படிவம் வளைந்த மூலைகளும், மெல்லிய நிழலும், தொட்டால் நீலமாக ஒளிரும் விளிம்புமாக மினுங்கியது. எனக்குப் பிடித்திருந்தது. வாரப் பதிப்பின் வடிவமைப்பைப் பத்து வருடம் பார்த்தவன் என்ற தகுதியில், நிழலை இன்னும் கொஞ்சம் குறைக்கும்படி ஆலோசனைகூடச் சொன்னேன்.

அக்கா வந்தா. கொக்குவில் வீட்டில் இப்போது இருப்பவ அவதான். கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தோம். ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் நிரப்பித் திருப்பித் தந்தா.

"என்ன மாமி, எப்பிடி?"

"நல்ல வடிவாய்த்தான் கிடக்கு பிள்ளை. பாங்குக்காரன்ரை அப் மாதிரி."

பெறாமகளின் முகம் விழுந்துவிட்டது. அக்கா பாராட்டாகத்தான் சொன்னா. ஆனால் அந்தப் படிவத்துக்காக அவவும் ஐயாவும் மழையில் நாலு மணித்தியாலம் வரிசையில் நின்றவர்கள். அப்படிப்பட்டவ ஒரு நிமிடத்தில், மின்கட்டணம் கட்டுவதுபோல நிரப்பிவிட்டா. பெட்டி என்ன கேட்கிறது என்பதை வாசகர் வசனத்திலிருந்து அறிகிறார். கேட்பது யார், எந்த மேசைக்குப் பின்னாலிருந்து கேட்கிறார் என்பதைப் பெட்டியின் தோற்றத்திலிருந்து அறிகிறார். நாங்கள் வரைந்த மேசைக்குப் பின்னால் குளிரூட்டியும் கழுத்துப்பட்டி கட்டிய ஊழியரும் இருந்தார்கள்.

அன்றிரவு அவள் எனக்கு மற்றவர்கள் செய்த விளையாட்டுகளைக் காட்டினாள். 2013 இல் வெளியான 'டிப்ரெஷன் குவெஸ்ட்' ட்வைனில் செய்தது. மனச்சோர்வு கொண்டவரின் கதை. ஒவ்வொரு பக்கத்திலும் தெரிவுகள் வரும்; அவற்றில் நல்ல தெரிவுகள் நடுவே கோடு வெட்டப்பட்டிருக்கும். வாசிக்கலாம், அழுத்த முடியாது. தணிக்கை அதிகாரியின் மேசையிலிருந்து பக்கங்கள் திரும்பி வந்த நாட்கள் எனக்கு ஞாபகத்தில் எழுந்தன. அதே 2013 இல் லூக்காஸ் போப் வெளியிட்ட 'பேப்பர்ஸ் ப்ளீஸ்' முழுக்க முழுக்க எல்லைச் சாவடிப் பத்திரங்களும் முத்திரைகளும். மிக நேர்த்தியான வேலை. உலாவியில் ஓடுவதல்ல, அது வேறு வகை. ஒன்று மட்டும் உறுத்தியது. அதில் விளையாடுபவர்தான் அதிகாரி. முத்திரை அவர் கையில். எங்களுக்கு மேசையின் மற்றப் பக்கம் மாத்திரமே பழக்கம். இயக்கத்திடம் பாஸ் எடுக்கவும் வரிசை, பின்னர் இராணுவத்திடம் அனுமதி எடுக்கவும் வரிசை.

ஆக, படிவத்தைப் படிவமாகவே செய்வதென்று முடிவாயிற்று. அவள் முதலில் அச்சுக்கூடப் படிவம்போல வரைந்தாள். பித்தளைக் கோடுகளால் அடுக்கிய கட்டங்கள். மூலைகளில் கோடுகள் சரியாகச் சந்திக்காமல் மயிரிழை இடைவெளி. அந்த இடைவெளிக்காகப் பெட்டியின் விளிம்பை எடுத்துவிட்டு, நாலு பக்கமும் நாலு தனிக்கோடுகளைப் பின்னணியாக வரைந்திருந்தாள். ஈயம் கோர்த்த கண்ணுக்கு அது விருந்து. ஆனால் பொய். பொருளாதாரத் தடையில் பத்திரிகையையே கோடுபோட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் அடித்த காலம் அது. நிவாரணப் படிவத்தை யார் அச்சுக்கோத்தார்கள்? றோணியோ செய்த அரைத்தாள். தட்டச்சு இயந்திரத்தில் புள்ளி புள்ளியாகத் தட்டிய கோடு. மை ஊறிய விளிம்பு. கட்டமே கிடையாது. சொன்னேன். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, கட்டங்களை அழித்து, பெட்டியின் அடியில் மட்டும் புள்ளிக்கோடு வைத்தாள். உள்ளே விழும் எழுத்துக்குக் குமிழ்முனைப் பேனையின் நீலம்.

பொருட்களின் பட்டியலில் புள்ளடிப் பெட்டிகள். துவிச்சக்கரவண்டி, காணி உறுதி, தையல் மெசின், அரிசி, ஆடு, அல்பம் என்று பன்னிரண்டு. ஐந்தைத்தான் எடுக்கலாம். தெரிந்ததற்கு என்ன அடையாளம் போடுவது என்று கேட்டாள். உலாவி இயல்பாகப் போடுவது 'சரி' அடையாளம். சரி என்பது வாத்தியார் போடுவது. நாங்கள் படிவத்திலும் வாக்குச்சீட்டிலும் போடுவது புள்ளடி. ரொறன்ரோப் பிள்ளைக்குப் புள்ளடி என்றால் பிழை. (பழைய வின்டோஸ் 3.1 இல் பெட்டிக்குள் புள்ளடிதான் விழும். 1995 இல் வந்த வின்டோஸ்தான் அதைச் 'சரி'யாக மாற்றியது. மைக்ரோசொஃப்ட்காரரும் எங்களைப் போல வாதாடியிருப்பார்கள்.) புள்ளடியே வென்றது. ஆனால் உண்மையான பெட்டியை எடுத்துவிட்டு வெறும் படத்தை வைக்க அவள் சம்மதிக்கவில்லை. கண் தெரியாதோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்குப் படம் பெட்டியாகத் தெரியாதாம். உண்மைப் பெட்டியின் மேலேயே புள்ளடியை வரைந்தாள்.

ஐந்து தெரிந்தவுடன் மிச்சம் ஏழும் செயலிழந்து மங்கிவிடும். அது உலாவியின் வழக்கம். இனிப் பயன்படாதது கண்ணை உறுத்தக்கூடாது என்ற நல்லெண்ணம். என் கண்ணாடிக்கு அவை தெரியவேயில்லை. நான் இதில் பிடிவாதமாக நின்றேன். விட்டுவிட்டுப் போனவை மங்கவில்லை. தையல் மெசின் விறாந்தையில் எந்த மூலையில் நின்றது என்று இன்றைக்கும் சொல்லுவேன். முப்பது வருடமாக அதுதான் தெளிவாகத் தெரிகிறது; தூக்கிக்கொண்டு போன ஐந்தும் எவை என்று கேட்டால் யோசிக்கவேண்டும். செயலிழந்த பெட்டிகளுக்கும் அதே கறுப்பு எழுத்தைக் கொடுத்தாள். அழுத்தினால் மட்டும் ஒன்றும் நடக்காது.

எங்கே தங்குவது என்பதற்குக் கீழிறங்கு பட்டியல் வைத்திருந்தாள். பட்டியலை மூடியிருக்கும்போது மாத்திரமே அலங்கரிக்கலாம். திறந்தால் உள்ளிருப்பது நெடுங்காலம் எவருடைய சொல்லும் கேட்காத சாமானாக இருந்தது. 2025 இல்தான் குரோம் உலாவி அதற்கு முறையாக வழிவிட்டது. பள்ளிக்கூடம், கோயில், சொந்தக்காரர் வீடு, மரத்தடி என்று நாலு வரியாகவே எழுதிவிடச் சொன்னேன். பிரச்சினை முடிந்தது.

இனி அந்தத் தொகைப் பெட்டி.

அம்மம்மா வர மறுத்துவிட்டா. "நீங்கள் போங்கோ. நான் வீட்டைப் பாக்கிறன்" என்று விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு இருந்தவவை ஐயாவும் அண்ணரும் தூக்கியும் பார்த்தார்கள். அப்படி வர மறுத்த முதியவர்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருந்தார்கள். ஏழு பேராக இருந்த நாங்கள் ஆறு பேராகச் சாவகச்சேரி போய்ச் சேர்ந்தோம். கதையிலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். கதையின் தொடக்கத்தில் குடும்பம் ஏழு பேர் என்று பதிவாகும். அந்த ஏழு, படிவத்தின் தொகைப் பெட்டியில் தானாகவே வந்து நிற்கும்.

இம்முறை அக்காவுக்கு மடிக்கணனியிலேயே காட்டினோம். றோணியோத் தாளைக் கண்டவுடன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டா. பெயரை மெதுவாக எழுதினா. ஊரை எழுதினா. தொகைப் பெட்டிக்குச் சுட்டியைக் கொண்டுபோனபோது, பெட்டியின் வலப்பக்கத்தில் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு சின்ன அம்புக்குறிகள் தோன்றின. எண் எழுதும் பெட்டிக்கு உலாவி தானே கொடுக்கும் உபகாரம் அது. அக்கா கீழ் அம்பை ஒருதரம் அழுத்தினா. ஏழு ஆறாகியது.

கையைச் சட்டென்று எடுத்துவிட்டா. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, அண்டைக்கு ஐயா செய்யாததை நான் இப்ப செய்துபோட்டன்" என்றா.

ஐயா அன்று அந்தப் படிவத்தில் ஏழு என்றுதான் எழுதினார். ஆறு என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. தாயில்லை, மாமியார்தான், ஆனாலும் வரவில்லை. பதிந்துகொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி எண்ணிப் பார்க்கவும் இல்லை. பிறகு ஏழு பேருக்கான நிவாரணம் சங்கக்கடையில் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் அதை வாங்கி வந்தவ அக்கா. சமைத்தவவும் அக்காதான். அம்மம்மாவின் பங்கை நாங்கள் ஆறு பேரும் சாப்பிட்டோம். அடுத்த ஆண்டு சித்திரை கழிந்து வீட்டுக்குத் திரும்பினோம். வீடு நின்றது. அம்மம்மா இல்லை. அந்த அரிசியைப் பற்றி எங்கள் வீட்டில் எவரும் எப்போதும் பேசியதில்லை. இடப்பெயர்வைப் பற்றி ஆண்டு தவறாமல் ஒக்டோபரில் கட்டுரை எழுதுகிற நானும் எழுதியதில்லை.

அம்புக்குறிகளை அன்றிரவே பெறாமகள் நீக்கினாள். ஃபயர்ஃபொக்ஸுக்கு ஒரு வரி, குரோமுக்கு வேறொரு வரி. தானாக வந்து நிற்கும் ஏழையும் எடுத்துவிட்டாள். வெறும் புள்ளிக்கோடு, எண்ணைக் கையால் எழுதவேண்டும்.

மறுநாள் அக்காவே கேட்டு வாங்கிப் பார்த்தா. ஏழு என்று எழுதினா. புள்ளிக்கோடு சிவந்தது.

"ஏன் பிள்ளை இது சிவக்குது?"

ஆறுக்கு மேற்பட்டால் தவறான எண் என்று பெட்டிக்குச் சொல்லி வைத்திருந்தாளாம். தவறான விடைக்குச் சிவப்பு விளிம்பு எல்லாப் படிவங்களுக்கும் பொதுவாக அவள் எழுதியிருந்த ஒரு வரி. கதையில் ஆறு பேர்தானே வந்தார்கள், ஆகவே ஆறுதானே சரி என்றாள். கணக்கின்படி அவள் சொல்வது சரி. எனக்கும் அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அக்கா, "அது பிழையில்லைப் பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டா. பெறாமகள் அந்த வரியை அழித்தாள்.

இப்போது ஏழு என்று எழுதினால் கோடு சிவப்பதில்லை. ஆறு என்று எழுதினாலும் ஒன்றும் நேர்வதில்லை. வரிசை ஒரு அடி நகர்ந்து, கதை இரண்டு வழியாகப் பிரிகிறது. ஆறு என்று எழுதியவர்களுக்கான பக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏழு என்று எழுதியவர்கள் சங்கக்கடைக்குப் போகும் பக்கம் மாத்திரம் பாக்கி. அவள் ரொறன்ரோவிலிருந்து வாரத்துக்கு ஒருதரம் வட்ஸ்அப்பில் ஞாபகப்படுத்துகிறாள். ஏழு பேருக்கு எத்தனை கிலோ அரிசி தந்தார்கள் என்பது எனக்கு நினைவில்லை. அக்காவிடம்தான் கேட்கவேண்டும்.